சிறுபோகத் தண்ணீர்க் கணக்குக்கு குரொப்வாட் 8.0: வன்னிக் குளங்களை வைத்து ஒரு மதிப்பாய்வு

பங்குனி பிறக்கும்போது குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, சிறுபோகத்துக்கு (மாரி முடிந்தபின் குளத்து நீரை நம்பிச் செய்யும் கோடைப் போகத்துக்கு) "இந்தமுறை கால்வாசிதான் விதைக்கலாம்" என்று கூட்டத்தில் முடிவெடுப்பது வன்னியின் வழமை. அந்த முடிவைக் கணக்கால் சரிபார்க்க உதவும் கருவிகளில் காசு கேட்காததும், பழைய மடிக்கணினியிலும் ஓடுவதும் குரொப்வாட் (CROPWAT) 8.0. ஐ.நா. உணவு, விவசாய நிறுவனம் வெளியிட்டது. வின்டோஸில் மட்டும் இயங்கும். நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். திரையில் தமிழும் இல்லை, சிங்களமும் இல்லை. நிரப்ப வேண்டிய பெட்டிகள் கொஞ்சம்தான் என்பதால், அவற்றின் பெயர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் கமக்காரர் அமைப்பின் செயலாளரே இயக்கலாம்.

பயிர் எவ்வளவு கேட்கும் என்பதை இந்த மென்பொருள் நன்றாகச் சொல்லும். குளம் எவ்வளவு கொடுக்கும் என்பதைச் சொல்லவே சொல்லாது. இரண்டையும் ஒன்றென்று நினைப்பவர்கள்தான் பிறகு "கணினி பிழையாகச் சொல்லிப்போட்டுது" என்கிறார்கள்.

இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறியியலாளர்களும் பதிவேடுகளும் உண்டு. கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வரும், 200 ஏக்கருக்கு உட்பட்ட வயலுக்குப் பாய்ச்சும் சிறு குளங்களுக்குத்தான் இப்படியொரு கணக்கு இல்லாமல் கிடக்கிறது. அதனால் இங்கே சொல்வதெல்லாம் சிறு குளத்தை மனதில் வைத்தே.

காலநிலைப் பகுதி

முதல் பெட்டியில் அதிகூடிய வெப்பநிலை, அதிகுறைந்த வெப்பநிலை, ஈரப்பதன், காற்று, வெயில் மணித்தியாலம் ஆகியவற்றை மாதவாரியாகக் கொடுக்க வேண்டும். இடத்தின் அகலாங்கும் உயரமும் தேவை. இவற்றிலிருந்து பென்மன்–மொன்டீத் முறைப்படி ஈ.ரீ.ஓ என்ற எண் வரும்: தண்ணீர்க் குறையில்லாத புல்தரை ஒன்று ஒரு நாளில் வளிக்கு விடும் நீரின் ஆழம், மில்லிமீற்றரில்.

தரவு தேடி அலைய வேண்டாம் என்பதற்காக அதே நிறுவனம் கிளிம்வாட் 2.0 என்ற தரவுத் தொகுப்பையும் தருகிறது. உலகெங்கும் 5,000 இற்கும் மேற்பட்ட நிலையங்களின் நீண்டகாலச் சராசரி அதில் உண்டு. வசதிதான், ஆனால் இயன்றவரை 1971 தொடக்கம் 2000 வரையான காலத்தை வைத்துச் செய்தது அது. மாறிவரும் காலநிலைக்குத் திட்டமிட உட்கார்ந்துவிட்டு, போன நூற்றாண்டின் மழையை எடுத்துப் போடுவதில் அர்த்தமில்லை. பழகிப் பார்க்க அதைப் பாவியுங்கள். உண்மைக் கணக்குக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் வவுனியா, மன்னார் நிலையங்களின் பின்னைய ஆண்டுகளின் தரவை எடுங்கள். அது கைக்கு வராவிட்டால் நாசா பவர் தளத்தில் 1981 முதலான நாள்வாரித் தரவு இலவசமாக உண்டு. அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 55 கிலோமீற்றருக்கு 68 கிலோமீற்றர் என்பதால் கரையோரமும் உள்நாடும் ஒன்றாகக் கலந்துவிடும். வெப்பநிலைக்கு அது பெரிய குறையில்லை. மழைக்கு அதை நம்பக் கூடாது.

அதிகம் பிழைக்கும் இடம் காற்று. குரொப்வாட் எதிர்பார்ப்பது தரையிலிருந்து 2 மீற்றர் உயரக் காற்றை, நாளொன்றுக்குக் கிலோமீற்றரில். நிலையங்களின் காற்றுமானி பெரும்பாலும் 10 மீற்றர் உயரத்தில் நிற்கும். அந்த எண்ணை 0.75 ஆல் பெருக்காமல் போட்டால் காற்று மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அலகுப் பிழை இதைவிட மோசம். செக்கனுக்கு 3 மீற்றர் என்றால் நாளொன்றுக்கு 259 கிலோமீற்றர் (86.4 ஆல் பெருக்க வேண்டும்). பெட்டியில் வெறும் 3 என்று போட்டாலும் மென்பொருள் ஒரு மூச்சும் விடாது. காற்றே அசையாத ஊருக்கு உரிய குறைந்த ஈ.ரீ.ஓவைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை சோழகம் (தென்மேல் காற்று) அடிக்கும் மன்னார்ப் பக்கத்துக்கு இந்தப் பிழை வந்தால் சிறுபோகக் கணக்கே கவிழ்ந்துவிடும். சிறுபோக மாதங்களுக்கு ஈ.ரீ.ஓ 5 இற்கும் 6 இற்கும் இடையில் வராமல் 3 அல்லது 9 என்று வந்தால், வேறெங்கும் தேடாமல் முதலில் காற்றுப் பெட்டியைப் பாருங்கள்.

மழைப் பகுதி: இங்கேதான் கவனம் வேண்டும்

பெய்த மழையில் பயிருக்குப் பயன்படும் பங்கைக் கணக்கிட மென்பொருளில் சில வழிகள் உண்டு. பலரும் மாற்றாமல் அப்படியே விட்டுவிடுவது அமெரிக்க மண் பாதுகாப்புச் சேவையின் சூத்திரம். மாத மழை 250 மி.மீ. வரை ஒரு கணக்கு. அதற்கு மேல் 125 உடன் மழையின் பத்திலொரு பங்கைக் கூட்டும். கார்த்திகையில் 350 மி.மீ. பெய்தால் பயன்படுவது 160 என்று வரும். அந்த 350 இருபது நாளாகப் பெய்ததா, ஒரு தாழமுக்கத்தோடு இரண்டு இரவில் கொட்டியதா என்பது சூத்திரத்துக்குத் தெரியாது. 2018 டிசம்பர் 21, 22 இல் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மூழ்கிய மாதத்தையும் அது ஒரு நல்ல மழை மாதமாகவே எடுத்துக்கொள்ளும்.

சிறுபோகத்தில் இதன் தாக்கம் இன்னும் நேரடியானது. சித்திரையில் 80 மி.மீ. மழை என்றால் அதில் 70 பயனுள்ளது என்று சூத்திரம் சொல்லும். அந்த 80 உம் ஒரே பின்னேர இடிமழையாக வந்தால்? மேட்டுக் காணியில் கச்சானின் (நிலக்கடலையின்) வேர் 40 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது, மண் மணல் கலந்த இருவாட்டி என்று வையுங்கள். அந்த மண் ஒரு மீற்றர் ஆழத்துக்கு ஏறத்தாழ 130 மி.மீ. நீரையே பயிருக்காகப் பிடித்து வைக்கும். 40 சென்ரிமீற்றருக்கு 52. அதுவும் மண் முற்றாக வறண்டு கிடந்தால். பாதி ஈரத்தோடு இருந்தால் 26 மி.மீ. உள்ளே போகும், மிச்சம் ஓடியோ வேருக்குக் கீழே இறங்கியோ போய்விடும். 70 எங்கே, 26 எங்கே?

இதற்கு மாற்று மென்பொருளிலேயே இருக்கிறது. மழையை மாதவாரியாக அல்லாமல் நாள்வாரியாகக் கொடுத்து, நீர்ப்பாய்ச்சல் அட்டவணைப் பகுதியை ஓடவிடுங்கள். மண் தாங்கியது போக மிச்சத்தை "மழை இழப்பு" என்று தனியாகக் காட்டும். மண் பெட்டியில் உள்ள நாளொன்றுக்கான உச்ச உட்புகும் அளவையும் அப்போது பயன்படுத்தும். வேலை கூடத்தான். ஆனால் வன்னி மழைக்கு இதைத் தவிர்த்த எந்தக் கணக்கும் பேருக்குத்தான்.

எந்த ஆண்டின் மழையைப் போடுவது என்பதும் ஒரு கேள்வி. சராசரியைப் போட்டால் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தோற்கும். ஐந்தில் நான்கு ஆண்டுகளில் கிடைக்கும் மழையை எடுப்பதுதான் வழக்கு. 30 ஆண்டுத் தரவைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் 25 ஆவது எண் அது. 20 ஆண்டுகள்தான் கையில் என்றால் 17 ஆவது. மென்பொருளின் கையேடு ஆண்டு மழையை இப்படி அடுக்கி, கிடைக்கும் விகிதத்தால் எல்லா மாதத்தையும் ஒரேயளவில் குறைக்கச் சொல்கிறது. வன்னிக்கு அது பொருந்தாது. ஆண்டு மழையின் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரை விழுவதால் அந்த விகிதம் மாரியின் கதையைத்தான் சொல்லும். சித்திரை மழை அதைவிடப் பன்மடங்கு ஏமாற்றுக்காரன். ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியாக அடுக்கினாலோ, எந்த ஆண்டிலும் வராத ஒரு கொடிய வறட்சி ஆண்டு உருவாகிவிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரையான நான்கு மாத மழையை ஒரே கூட்டாக எடுத்து அடுக்கி, அந்த இடத்தில் நிற்கும் ஆண்டின் நாள் மழையை அப்படியே போடுவதே சரி.

மண்ணும் நெல்லும்

கூடவே வரும் மண் கோப்புகளில் "நடுத்தரம்" என்றிருப்பதைத் தெரிவுசெய்துவிட்டு நகர்கிறவர்கள்தான் அதிகம். அதை நெடுங்கேணிச் செங்கபில மண்ணுக்கும், ஈரத்தில் ஒட்டி வெயிலில் வெடிக்கும் முருங்கன் களிக்கும், முல்லைத்தீவுக் கரையோர மணலுக்கும் ஒரேமாதிரிப் போட முடியுமா? மணல் கலந்த இருவாட்டிக்கு மீற்றருக்கு 110 முதல் 150 மி.மீ., மணலுக்கு 50 முதல் 110, களிக்கு 120 முதல் 200 என்ற வீச்சுக்குள் உங்கள் காணிக்குரிய எண்ணைக் கையால் தட்டுங்கள்.

நெல்லுக்கு இன்னொரு பெட்டி உண்டு: உழக்கிச் சேறாக்கிய பின் நாளொன்றுக்கு எத்தனை மி.மீ. கீழே கசிகிறது. முழு மென்பொருளிலும் சிறுபோக ஏக்கர்க் கணக்கை அதிகம் ஆட்டிவைக்கும் எண் இதுதான். இதை வயலிலேயே அளக்கலாம், செலவும் இல்லை. ஒரே அகலமுள்ள இரண்டு தகரப் பீப்பாய்த் துண்டுகள் எடுங்கள். ஒன்றில் அடி இருக்கட்டும், மற்றதில் வெட்டி எடுத்துவிடுங்கள். சேறடித்த வயலில் இரண்டையும் 15 முதல் 20 சென்ரிமீற்றர் அமுக்கி, உள்ளேயும் வெளியேயும் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் விட்டு, ஒவ்வொரு காலையும் ஒரே நேரத்தில் அடிமட்டத்தால் அளவுங்கள். அடியுள்ளதில் குறைவது ஆவியாகிப் போனது; அடியில்லாததில் குறைவது ஆவியும் கசிவும். வித்தியாசம்தான் உங்கள் எண். ஐந்து நாள் அளந்தால் போதும், ஆனால் வாய்க்கால் தலைப்பில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசி வயலில் ஒன்று என்று மூன்று இடம் வேண்டும். தலைப்பு வயல் மேட்டுச் செம்மண்ணாகவும் கடைசி வயல் பள்ளக் களியாகவும் இருப்பது இங்கே சாதாரணம். வெளிமட்டம் இறங்கியபின் நிரப்ப மறந்தால் தண்ணீர் பக்கவாட்டில் நழுவும், அளவு கூடிக்காட்டும்.

கூடவே வரும் நெற்கோப்பு நாற்று நடுகையை மனதில் வைத்தது, நாட்களும் நீளமானவை. விதைப்பு வயலில் மூன்று மாத பி.ஜி. 300 அல்லது மூன்றரை மாத ஏ.டி. 362 போடுகிறவர்கள் வளர்ச்சிக் கட்ட நாட்களை வெட்டிக் குறைக்காவிட்டால் ஒரு மாதத் தண்ணீர் வீணாகக் கணக்கில் ஏறும். பயிர்க் குணகங்களை, அதாவது ஈ.ரீ.ஓவைப் பெருக்கிப் பயிரின் தேவையைக் காணும் கே.சி. எண்களை, மாற்றத் தேவையில்லை. தொடக்கம், நடு, முடிவு என்ற வரிசையில் நெல்லுக்கு 1.05, 1.20, பின் இறக்கம், கச்சானுக்கு 0.4, 1.15, 0.6. இவை உலகெங்கும் பழகிய எண்கள்.

ஒரு குளத்தை வைத்துப் பார்ப்போம்

கணக்கைக் காட்டுவதற்காக ஒரு குளம்: சித்திரைத் தொடக்கத்தில் 300 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடி). மென்பொருளுக்குள் போகுமுன் இதைக் கடதாசியிலோ விரிதாளிலோ குறைக்க வேண்டும். துருசுக்கு, அதாவது குளத்து மதகுக்கு, கீழே நின்று வெளியே விட முடியாத செத்த தண்ணீர் 30. போகம் முழுக்கச் சராசரி நீர்ப்பரப்பு 40 ஏக்கர், நாளுக்கு 6 மி.மீ. ஆவியாதல், 110 நாள்: 660 மி.மீ., அதாவது 2.17 அடி, ஆகவே 87 ஏக்கர் அடி. கால்நடைக்கும் குளிப்புக்கும் மீனுக்கும் என்று 20. மிச்சம் 163. குளத்தின் பாதிக்குச் சற்றுக் கூடத்தான் வயலுக்கு. மண் நிறைந்து மேவிய ஆழமில்லாத குளங்களில் ஆவியாதல் இதையும் தாண்டும். குரொப்வாட்டில் இந்தக் கணக்குக்குப் பெட்டியே கிடையாது, இது பெரிய குறை.

இனிப் பயிர். ஈ.ரீ.ஓ 5.5 என்றும் தண்ணீர் கட்டும் நாள் 90 என்றும் வைத்தால் நெல் குடிப்பது ஏறத்தாழ 545 மி.மீ. நிலம் பண்படுத்த 200. கசிவு நாளுக்கு 3 என்றால் 270. பயனுள்ள மழை 100 ஐக் கழிக்க 915. வாய்க்கால் இழப்புப் போக 70 சதவீதம் வயலுக்கு வந்தால், துருசில் விட வேண்டியது 1,307 மி.மீ., ஏக்கருக்கு 4.3 ஏக்கர் அடி. 163 ஐ வைத்து 38 ஏக்கர் நெல். கசிவு 3 அல்ல, 6 என்று பீப்பாய் சொன்னால் ஏக்கருக்கு 5.55 ஆகும், 29 ஏக்கருக்கு மேல் துணியக் கூடாது. ஒரேயொரு பெட்டியில் ஒரேயொரு இலக்கம், ஒன்பது ஏக்கர் போய்விட்டது.

இங்கே ஒரு பொறி. நெல்லுக்குக் கசிவை ஏற்கெனவே கூட்டியாகிவிட்டது. அதன்பின் வயல் வினைத்திறன் (வயலுக்கு வந்த நீரில் பயிருக்குச் சேரும் பங்கு) என்று இன்னொரு 70 சதவீதத்தால் வகுத்தால் அதே கசிவை இருமுறை கழிக்கிறீர்கள். நெல்லுக்கு வாய்க்கால் இழப்பு மட்டும். மேட்டுப் பயிருக்கு இரண்டும் வேண்டும்.

அதே 163 ஐக் கச்சானுக்குக் கொடுத்தால்: தேவை 470 மி.மீ., மழை 100 போக 370, வாய்க்காலும் வயலும் சேர்ந்து 49 சதவீத வினைத்திறன். ஏக்கருக்கு 2.5 ஏக்கர் அடிக்குச் சற்றுக் குறைவு, 65 ஏக்கர் வரை போகலாம். இரண்டு மாதம் சொச்சத்தில் முடியும் பயறு என்றால் ஏறத்தாழ 120 ஏக்கர். கூட்டத்தில் "நெல்தான்" என்று நிற்கிறவர்களோடு வாதாட இந்த மூன்று எண்ணும் போதும், நீண்ட அட்டவணை தேவையில்லை.

அட்டவணைப் பகுதி மேட்டுப் பயிருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. மீற்றருக்கு 130 மி.மீ. மண்ணில் அரை மீற்றர் வேருள்ள கச்சான், பாதி ஈரம் குறையும்வரை பொறுக்கும்: 32 மி.மீ. உச்சக் கட்டத்தில் நாளுக்கு 6.3 குடிக்கும். ஐந்து நாளைக்கு ஒருமுறை இறைப்பு. கிழமைக்கு ஒருமுறை என்று இறைப்பவர்களின் பயிர், விழுது இறங்கும் காலத்தில் இரண்டு நாள் வாடுகிறது. வெங்காயத்துக்கு வேர் 30 சென்ரிமீற்றர், பொறுமையும் குறைவு: இரண்டு நாளைக்கு ஒருமுறை. ஆறுதலாக நிறைய விடுவதைவிட அடிக்கடி கொஞ்சமாக விடுவது ஏன் என்று விளக்க இதைவிட நல்ல படம் கிடையாது.

காலநிலை மாற்றத்துக்கு உதவுமா?

ஓரளவுக்கு. வெப்பநிலைப் பெட்டிகளில் 1, 2 பாகை கூட்டி மீண்டும் ஓடவிடலாம். ஈ.ரீ.ஓ சில சதவீதமே ஏறும். பார்த்தவர்களுக்கு "இவ்வளவுதானா" என்று இருக்கும். வன்னியில் அடி விழுவது மழை வரும் நாளும் வரும் விதமும் மாறுவதால்தான். 2016–17 வறட்சி போல் மாரி பொய்த்தால் குளம் நிரம்பாது, சிறுபோகக் கணக்குக்கே இடமில்லை. ஆகவே வெப்பநிலையோடு நேரம் செலவழிக்காமல், விதைப்புத் திகதியைப் பத்துப் பத்து நாளாகத் தள்ளியும் வறண்ட ஆண்டுகளின் நாள் மழையை மாற்றி மாற்றிப் போட்டும் ஓடவிடுங்கள். பூக்கும் நேரத்தில் 35 பாகையைத் தாண்டும் வெயிலால் நெல் பதராவதை இந்த மென்பொருள் காட்டாது. உவர் ஏறுவதையும், கிணறு எவ்வளவு ஊறும் என்பதையும் காட்டாது. விளைச்சலும் உவரும் வேண்டுமென்றால் அதே நிறுவனத்தின் அக்குவாகுரொப் இருக்கிறது, அதுவும் இலவசம். ஆனால் தரவுப் பசி கூடியது. ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் குளத் தொடர் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க ஸ்டொக்ஹோம் சுற்றாடல் நிறுவனத்தின் வீப் (WEAP) மென்பொருள் பொருத்தம்; பல்கலைக்கழகத்தின் கையோடு செய்ய வேண்டிய வேலை அது.

கோப்புகளைச் சேமிப்பதில் ஒரு சொல். காலநிலை, மழை, பயிர், மண் எல்லாம் தனித்தனிக் கோப்பு. பெயரில் குளமும் ஆண்டும் இல்லாவிட்டால் அடுத்த வருடம் பழைய மழையோடு புது மண்ணைக் கலந்துவிடுவீர்கள், மென்பொருள் தடுக்காது.

விடை மில்லிமீற்றரில் வருவதால் கூட்டத்துக்குக் கொண்டுபோகுமுன் துருசு மணித்தியாலமாக மாற்றுங்கள். ஒரு கியூசெக் (செக்கனுக்கு ஒரு கன அடி) 24 மணித்தியாலம் ஓடினால் ஏறத்தாழ 2 ஏக்கர் அடி. மேலே சொன்ன 38 ஏக்கர் நெல்லுக்கு உச்சத் தேவை நாளுக்கு 9.6 மி.மீ.; வாய்க்கால் இழப்போடு 13.7, ஐந்து நாள் முறைக்கு 8.5 ஏக்கர் அடி. துருசு 2 கியூசெக் விடுமானால் ஐந்து நாளில் 52 மணித்தியாலம் திறந்தால் போதும், மிச்ச நேரம் பூட்டியிருக்கலாம்.